எல் போர்டு டாக்டரம்மா

பணி ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டிருக்கும் இளம் டாக்டர்களான உங்களிடம், ஊசி மருந்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். சில இடங்களில் எனக்கே வரும். சில இடங்களில் இத்தனை வருஷம் கழித்தும் வராது.

அறுபதுகளின் நடுவில், குமராட்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னைப் போட்டார்கள். நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் படிப்பை முடிக்கும் முன்பே அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் குடும்பம் மட்டும் முதுநகரில் இருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதில் அண்ணனுக்கு வருத்தம். அந்த வருத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாததால் நானும் அங்கே அதிகம் போவதில்லை.

ஆஸ்பத்திரியின் பின்னால் எனக்கு ஒரு குவார்ட்டர்ஸ். சுற்றிலும் வயல். பகல் முழுக்க என்னைச் சுற்றி மனிதர்கள் இருப்பார்கள். சாயங்காலம் கடைசி நோயாளி போன பிறகு, மறுநாள் காலை வரை என் குரலையே நான் கேட்க மாட்டேன். ஊரில் யாருக்கும் என் பெயர் தெரியாது. டாக்டரம்மா என்பதுதான் பெயர். என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லாரும் உடம்பில் ஏதாவது ஒரு இடத்தைத் தொட்டுக்கொண்டேதான் பேச ஆரம்பிப்பார்கள். இருமலும் வயிற்றுப்போக்கும் இல்லாத ஒரு பேச்சுக்காக நான் ஏங்கியிருக்கிறேன். இதை இப்போது சொல்ல முடிகிறது. அப்போது எனக்கே அது தெரியாது.

நிலையத்துக்கு ஒரு ஜீப் இருந்தது. டிரைவர் சுந்தரத்தின் வீடு லால்பேட்டைப் பக்கம். நல்ல மனிதர். முதல் வருஷத்து மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த வாரம் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. உடனே சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. சாவி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஊரில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மாட்டுவண்டி கட்டினோம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். பாதி வழிகூடப் போகவில்லை, மூச்சு நின்றுவிட்டது. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள் அந்தத் தாய்.

திரும்பி வந்து இறங்கியபோது ஜீப் அதே இடத்தில் நின்றது. அதன் மேல் வேப்பிலை உதிர்ந்து கிடந்தது. அன்றைக்குத் தீர்மானித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசைக்காக பஸ்ஸில் சிதம்பரம் போவேன். பூசை முடிந்ததும் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த ஒரு பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். பட்டறைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் போர்டு கட்டி, எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பெண் கார் ஓட்டுவதைப் பார்க்க ஊரே நின்றது. சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, காரைத் தள்ளத் தயாராக நின்றார்கள். “எல் போர்டு டாக்டரம்மா வருது, ஓரம் போ” என்று ஒரு கடைக்காரர் சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. குமராட்சிப் பக்கத்தில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. முதலில் லைசென்ஸ் கையில் வரட்டும் என்றிருந்தேன்.

சில மாதங்களில் பாய், “இன்ஷா அல்லா, போயி டெஸ்ட் குடுத்துடுங்க” என்றார். இருவரும் அதே காரில் கடலூருக்குப் போனோம். மஞ்சக்குப்பத்தில் டெஸ்ட். இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர். என் பக்கத்தில் உட்கார்ந்து, “போங்க” என்றார். போனேன். “திருப்புங்க” என்றார். திருப்பினேன். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். எங்கும் இடிக்கவில்லை, எஞ்சின் ஒரு தடவைகூட அணையவில்லை. தேறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு கேட்டார்: “டாக்டரம்மா, கோச்சுக்காதீங்க. நீங்க ரோட்ட எப்ப பாத்தீங்க?”

“பாத்துத்தானே சார் ஓட்டினேன்?”

“இல்லீங்க. கியர மாத்துனா என் மூஞ்சப் பாக்குறீங்க. பிரேக் போட்டா என் மூஞ்சப் பாக்குறீங்க. நான் சரின்னு தலையாட்டணும்னு எதிர்பாக்குறீங்க. நாளைக்கு நான் ஒங்க பக்கத்துல ஒக்காந்து வருவேனா? அடுத்த தடவ வாங்க.”

பின் சீட்டில் பாய் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்.

அவர் சொன்னது உண்மை. கல்லூரியில் ஒவ்வொரு வாய்மொழித் தேர்விலும் நான் அப்படித்தான் தேறியிருந்தேன். பேராசிரியரின் புருவம் கொஞ்சம் ஏறினால் பதிலை மாற்றுவேன், இறங்கினால் தொடர்வேன். பரிசுகூட வாங்கியிருக்கிறேன். உங்களில் பலரும் அப்படித் தேறியவர்களாகத்தான் இருப்பீர்கள்.

பாயைக் காரோடு அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி நான் கடலூரில் தங்கினேன். அண்ணன் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“என்னா தாயி, தனியா ஒக்காந்திருக்க? யாராச்சும் போயிட்டாங்களா?”

“இல்லம்மா. பரீட்சையில பெயிலாயிட்டேன்.”

“இந்த வயசுலயா?”

“இந்த வயசுலதான்.”

அவர் பலமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரிடம் சொல்ல முடிந்தது, ஏனென்றால் இனி அவரைப் பார்க்கப்போவதில்லை. சிரித்து முடித்ததும் அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த டெஸ்டுக்கு நாள் குறிப்பதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில்தான் அஞ்சலை வந்தாள்.

டிரைவர் சுந்தரம் தன் மச்சான் கல்யாணத்துக்கு முறையாக லீவு எடுத்துக்கொண்டு விழுப்புரம் போயிருந்தார். காலையில் வெளி நோயாளிகள் கூடத்தில் இருந்தபோது கலியமூர்த்தி என்கிற கூலிக்காரர் தன் மனைவியை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். வீட்டிலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது, வீட்டில் விட்டிருக்கிறார்கள். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. வண்டியில் விரித்திருந்த வைக்கோல் சிவப்பாகிவிட்டிருந்தது.

என்னிடம் இருந்த மருந்தையெல்லாம் கொடுத்தேன், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். ரத்தம் குறைந்தது, பிறகு மறுபடியும் வந்தது. கர்ப்பப்பை இறுகிக் கல்லுபோல் ஆக வேண்டும். என் கை அழுத்திக்கொண்டிருக்கும்வரை இறுகும், கையை எடுத்தால் தளரும். அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்குச் சிதம்பரம்தான் போக வேண்டும். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, அதுவும் மழையில் வருமா என்று தெரியாது. மாட்டுவண்டியை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஜீப் இருக்கிறது. சாவி இருக்கிறது. டெஸ்டில் தோற்ற ஒருத்தி இருக்கிறாள். ஜீப்பை அவள் அதுவரை ஓட்டியதே இல்லை.

ஆனால் என்னைத் தயங்கவைத்தது லைசென்ஸ் அல்ல, என் கை. அந்தக் கையை எடுத்துவிட்டுத்தான் நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியும். அவள் வயிற்றை அழுத்திக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்த வேலை, என்னைவிட நன்றாக அதைச் செய்ய அந்த ஊரில் ஆள் இல்லை. வண்டி ஓட்டுவது எனக்குச் சரியாகத் தெரியாத வேலை, ஆனால் அதைச் செய்ய என்னைத் தவிர ஆளே இல்லை. நெருக்கடியில் இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். நமக்கு நன்றாகத் தெரிந்த வேலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடத்தான் மனம் சொல்லும். அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நாளைக்கு யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது.

கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன். “இங்க கைய வைங்க.”

அவர் பின்வாங்கினார். “நான் ஆம்பளைம்மா…”

“ஒங்க சம்சாரந்தானே? வைங்க. கீழ ஒரு உருண்டை தட்டுப்படுதா? அத விடாம அழுத்திப் பெசைங்க. கெட்டியா இருக்கா, மெத்துனு இருக்கான்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே வாங்க. அது போதும்.”

அவர் வைத்தார். வயலில் வேலை செய்த கை, பலமான கை. ஆயா தாயம்மா சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஜீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அஞ்சலையைக் கிடத்தினோம். நான் முன்னால் ஏறினேன்.

வண்டி குதித்துக் குதித்துக் கிளம்பியது. எப்படியோ ரோட்டுக்கு வந்தேன். அதன் பிறகு இருந்த தனிமையை நான் வேறு எங்கும் அனுபவித்ததில்லை. என் நோயாளி என் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறாள். அவள் முகத்தின் நிறத்தை என்னால் பார்க்க முடியாது, நாடியைத் தொட முடியாது. கலியமூர்த்தியின் குரல் ஒன்றுதான் எனக்கு இருந்தது.

“கெட்டியா இருக்கும்மா.”

“சரி. விடாதீங்க.”

“கெட்டியா இருக்கும்மா… அம்மா, மெத்துனு ஆவுதும்மா! ரத்தம் வருதும்மா!”

“அழுத்துங்க! பெசைங்க! அஞ்சலை, பேசு. எம் பேச்சு கேக்குதா?”

பதில் இல்லை. என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. நிறுத்தி, இறங்கி, பின்னால் ஓடிப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. பார்த்து என்ன செய்வேன்? அவர் செய்வதையேதான் செய்வேன், அதுவரை வண்டி நிற்கும். காலை எடுத்துவிட்டேன்.

“கெட்டியாயிடுச்சும்மா” என்று குரல் வந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

சிதம்பரத்துக்குப் பாதி தூரம் இருக்கும்போது ஒரு தரைப்பாலம். வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கம் கொஞ்சம் பேர் குடை பிடித்து நின்றார்கள். ஒருவர் கையைக் காட்டி, “வரலாம், வாங்க வாங்க!” என்று கத்தினார். இன்னொருவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டி, “வராதீங்க! இஸ்துகிட்டுப் போயிடும்!” என்றார். நான் ஒருவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு இன்னொருவர் முகத்தை. இருவருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். இருவரும் அந்தத் தண்ணீரில் இறங்கவில்லை.

நான் ஜீப்பை நிறுத்தி இறங்கினேன். பின்னால் கலியமூர்த்தி அலறினார்: “எறங்காதீங்கம்மா! நேரம் போவுதும்மா!”

நேரம் போகத்தான் செய்தது. ஒவ்வொரு நொடியும் யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தேன். இழுப்பு இருந்தது. முழங்காலுக்குக் கீழேதான் ஆழம். செருப்பைக் கழற்றிவிட்டிருந்ததால் அடியில் ரோட்டின் கல் காலில் தட்டுப்பட்டது, எங்கும் அரித்துப்போகவில்லை. மறுகரைவரை போய்த் திரும்பி வந்து, முதல் கியரில் போட்டு, எதற்கும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதில்லை என்று வண்டியைத் தண்ணீரில் விட்டேன். நடுவில் ஜீப் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்ததுபோல் இருந்தது. தாயம்மா கடவுளைக் கூப்பிட்டார். பிறகு முன்சக்கரம் மேட்டில் ஏறியது.

மற்றதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஹாரனை அழுத்தியபடியே நின்றேன். ஆட்கள் ஓடி வந்து அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கலியமூர்த்தி கையை எடுக்காமலே ஸ்ட்ரெச்சரோடு ஓடினார். தாயம்மா பாட்டிலோடு ஓடினார். நான் மட்டும் ஜீப்பில் இருந்தேன். இறங்க வேண்டும் என்று தெரிகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. யாராவது வந்து “முடிஞ்சிடுச்சி, எறங்குங்க” என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது. மழை மட்டும் கூரைத் துணியில் விழுந்துகொண்டிருந்தது. நானாகவே இறங்கி உள்ளே போனேன்.

அஞ்சலை பிழைத்தாள். பல நாள் அங்கேயே கிடந்தாள். அவள் தெருவிலேயே கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொருத்தி அதுவரை அந்தக் குழந்தையையும் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரமே நான் கடலூருக்குப் போய் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை.

“லைசென்ஸ் இல்லாம கவர்மெண்டு வண்டிய எடுத்திருக்கீங்க. தண்ணியில கவுந்திருந்தா?” என்றார்.

“நாலு பேரும் போயிருப்போம், சார்.”

அவர், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, எனக்கு எச்சரிக்கை கொடுத்தார். அது என் பணிப்பதிவிலும் ஏறியது. இதைக் கேட்டு, என்ன அநியாயம் என்று உங்களைப் போன்ற இளையவர்கள் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் செய்தது சரிதான். ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாரும் நல்ல நோக்கத்தோடு ஜீப்பை எடுத்தால் என்ன ஆகும்? நான் செய்ததும் சரிதான். சரியானதைச் செய்துவிட்டு எச்சரிக்கையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறும் நாள் உங்களுக்கும் வரலாம். அன்றைக்குக் கைத்தட்டலை எதிர்பார்க்காதீர்கள்.

தை பிறந்ததும் இரண்டாவது டெஸ்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் திமிரோடுதான் போனேன். வெள்ளத்தில் ஜீப் ஓட்டியவளுக்கு மஞ்சக்குப்பம் மைதானம் எம்மாத்திரம்? அதே இன்ஸ்பெக்டர். ரோட்டைப் பார்த்து நேராக ஓட்டினேன். அவர் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. கடைசியில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். வேகமாக எடுத்தேன். பின்னால் நட்டிருந்த கம்பம் படாரென்று சாய்ந்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய்க் கம்பத்தை நிமிர்த்தி வைத்தார். “இந்தத் தடவ என்னப் பாக்கல, ரொம்ப சரி. இதையும் பாக்கலியே, டாக்டரம்மா.”

வாய்க்கால் வெள்ளத்தில் ஓட்டிய கதையை அவரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கம்பம் சாய்ந்தது சாய்ந்ததுதான். ஒரு நெருக்கடியில் நன்றாகச் செய்தவர்களுக்கு, அதற்கு அடுத்த சாதாரண நாளில்தான் ஆபத்து ஜாஸ்தி. பின்னாளில் நான் அறுவை சிகிச்சை செய்த காலம் முழுக்க, கடினமான கேஸ் ஒன்று முடிந்த மறுநாள் என்னையே நான் கூடுதலாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கடற்கரைக்கும் போகவில்லை. நேராக வந்து குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊரில் எல்லாரும் எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு தடவை தோற்றவள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற நினைப்பில் சாப்பாடுகூட இறங்கவில்லை. தோற்றது அவ்வளவு வலிக்கவில்லை. அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாததுதான் வலித்தது.

மூன்றாவது டெஸ்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மெதுவாக ஓட்டினேன். தேறினேன். லைசென்ஸோடு மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பினேன். தாயம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது.

“தாயம்மா, நான் கார் லைசென்ஸ் வாங்கிட்டேன்.”

அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார். “வாங்கிட்டீங்களா! அப்பாடா. மூணாவது தடவையாச்சும் குடுத்தானே.”

எனக்குப் புரியவில்லை. “மூணாவது தடவைன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாய் பட்டறையில எங்க மச்சான் மொவன்தானே வேலை பாக்குறான். நீங்க போற ஒவ்வொரு தடவையும் வந்து சொல்லிடுவான். இங்க எல்லாருக்கும் தெரியும்.”

“மொத தடவ பெயிலானதும் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப, அஞ்சலையத் தூக்கிக்கிட்டுப் போனமே, அன்னிக்கி ஜீப்புல ஏறுறப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா ஏறுனீங்க?”

“பின்ன? நீங்க ஏறுனீங்கல்ல?”

“ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?” என்றேன்.

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தோம். படிச்சவங்க, கேட்டா சங்கடப்படுவீங்க. போன தடவ நீங்க பெயிலாயி வந்தப்ப, கலியமூர்த்தி பொண்டாட்டியயும் புள்ளையயும் இட்டுக்கிட்டு ஒங்க வாசல் வரைக்கும் வந்தாரு. கதவு சாத்தியிருந்திச்சி. அவுங்களுக்கும் என்னா பேசறதுன்னு தெரியல. செத்த நேரம் நின்னுட்டுப் போயிட்டாங்க.”

கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்று வெயில் தாழ்ந்ததும் முகம் கழுவிக்கொண்டு அஞ்சலையின் தெருவுக்கு நடந்தேன். பை எடுத்துக்கொள்ளவில்லை, ஸ்டெதாஸ்கோப் எடுத்துக்கொள்ளவில்லை. வயல் வரப்பைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆட்கள் எழுந்து நின்றார்கள். குடிசையிலிருந்து குனிந்து வெளியே வந்த அஞ்சலை, இடுப்பில் பிள்ளையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கலியமூர்த்தி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதற்றமாக ஓடி வந்தார். “என்னாங்கம்மா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல” என்றேன். “சும்மாதான் வந்தேன்.”